சென்சர் ஒன்று சொல்கிறது, பிள்ளையின் உடம்பு வேறொன்று சொல்கிறது: மலையகப் பெற்றோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளையின் கையில், சீனியைத் தொடர்ந்து அளக்கும் சென்சர் ஒட்டியிருக்கும் வீடுகளுக்கு இந்த வழிமுறை. தலைப்புகள் எல்லாம் அறிகுறிகள். உங்கள் வீட்டில் இப்போது நடப்பது எதுவோ நேராக அங்கே போங்கள். எந்தத் தலைப்புக்குப் போனாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் பிள்ளையைப் பாருங்கள், அடுத்து விரலைக் குத்திப் பாருங்கள், கருவியைக் கடைசியாகப் பாருங்கள். சென்சர் வாங்கிவிட்டோம், இனி விரல் இரத்தத்தை மீட்டரில் பார்க்கும் ஸ்ட்ரிப் எதற்கு என்று நிறுத்திவிடாதீர்கள். சென்சர் சொல்வது சரியா என்று கேட்க வீட்டில் இருக்கும் ஒரே சாட்சி அந்த ஸ்ட்ரிப்தான்.

இங்கே உள்ள சீனி அளவுகள் எல்லாம் மி.கி./டெ.லீ. (டெசிலீற்றருக்கு மில்லிகிராம்) கணக்கு. இங்கிலாந்திலிருந்து உறவினர் அனுப்பிய ரீடரில் (சென்சரை வாசித்து எண் காட்டும் சிறு கருவி) 5.6, 11.2 என்று வந்தால் அது மில்லிமோல் கணக்கு, 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 5.6 என்பது ஏறக்குறைய 100.

பிள்ளைக்கு நடுக்கம், வியர்வை, சென்சரில் 95

பிள்ளையை நம்புங்கள். சென்சரின் இழை இரத்தக்குழாய்க்குள் இல்லை. தோலுக்குக் கீழே கலங்களுக்கு இடையில் உள்ள நீரைத்தான் அது அளக்கிறது. இரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அந்த நீரில் தெரிய 5 முதல் 10 நிமிடம் வரை பிந்தும். சீனி ஒரே நிலையில் நிற்கும்போது இந்தப் பிந்தல் தெரியாது. வேகமாக இறங்கும்போதுதான் ஆபத்து.

எண்ணோடு அம்பையும் சேர்த்து வாசியுங்கள். லிப்ரே என்ற வகைச் சென்சரில் கிடையான அம்பு என்றால் மாற்றம் நிமிடத்துக்கு 1க்கும் குறைவு. சாய்ந்த அம்பு 1 முதல் 2 வரை. நேராகக் கீழே பார்க்கும் அம்பு 2க்கு மேல். 95 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நேர்கீழ் அம்பு இருந்தால், 10 நிமிடப் பிந்தலில் இரத்தத்தில் 75 அல்லது அதற்கும் கீழே இருக்கும். அந்தப் பிள்ளை நடுங்குவதில் வியப்பில்லை.

உடனே விரலைக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றாலோ, ஸ்ட்ரிப் கையில் இல்லை என்றாலோ, தாழ்சீனி என்றே எடுத்து வைத்தியம் செய்யுங்கள். அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ் அல்லது சீனி. 20 கிலோ பிள்ளைக்கு 6 கிராம், 30 கிலோவுக்கு 9 கிராம், 50 கிலோவுக்கு 15 கிராம். மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டிச் சீனி 4 முதல் 5 கிராம் வரும். அதை ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சூடான தேத்தண்ணி வேண்டாம். ஊதி ஊதிக் குடிக்கும் ஐந்து நிமிடம் வீணாகப் போகும். பால் தேத்தண்ணி, சொக்லேட், பிஸ்கட் ஆகியவற்றில் உள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். அவற்றைப் பிறகு கொடுக்கலாம்.

பிள்ளைக்கு நினைவு தவறியிருந்தால், வலிப்பு வந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். வைத்தியர், சீனியை ஏற்றும் குளுக்ககன் ஊசி தந்து பழக்கியிருந்தால் 25 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு அரை மில்லிகிராம், அதற்கு மேல் 1 மில்லிகிராம். லயத்துக்கு வீதி இலக்கம் இருக்காது. ஆகவே தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும், பெரிய ரோட்டிலிருந்து திரும்பும் சந்தியையும் சொல்லி, அந்தச் சந்தியில் ஒருவரை நிற்க வையுங்கள். இதை ஒரு தாளில் எழுதி கதவுக்குப் பின்னால் ஒட்டிவைத்தால் பதற்றத்தில் பாட்டியும் வாசித்துச் சொல்வார்.

சீனி கொடுத்தும் சென்சரில் எண் ஏறவில்லை

இதுவும் அதே பிந்தல்தான். சீனித்தண்ணீர் குடித்தபின் இரத்தத்தில் எண் ஏறத் தொடங்கியிருக்கும். சென்சரோ இன்னும் 10, 15 நிமிடத்துக்கு இறங்கிக்கொண்டே போகும். அதைப் பார்த்துப் பயந்து மேலும் மேலும் சீனி கொடுத்து, ஒரு மணி நேரத்தில் 300க்குக் கொண்டுபோவதுதான் இந்தக் கட்டத்தில் அதிகம் நடக்கும் தவறு. 15 நிமிடம் கழித்து விரலில் பாருங்கள். விரலில் 70க்கு மேல் வந்திருந்தால் நிறுத்துங்கள். அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் ஒரு துண்டு பாணோ அரை ரொட்டியோ போதும். விரலிலும் ஏறவில்லை என்றால்தான் அதே அளவு சீனியை மறுபடி கொடுக்க வேண்டும்.

நடு இரவில் திடீரென்று "லோ"

இரண்டு காரணம் உண்டு. இரண்டையும் பிரித்தறிய வேண்டும். ஒன்று பொய், மற்றது உயிருக்கு ஆபத்து.

பொய்யானது, அழுத்தத்தால் வருவது. பிள்ளை சென்சர் உள்ள கைமேல் படுத்தால் அந்த இடத்தில் இரத்த ஓட்டமும் நீரோட்டமும் குறைந்து எண் விழுந்துவிடும். ஒரே கட்டிலில் மூன்று பேர் படுக்கும் காம்பராவில், சுவரோரம் நெருங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு இது அடிக்கடி வரும். வரைகோட்டைப் பார்த்தால் தெரியும்: 130இல் நேராகப் போன கோடு சட்டென்று செங்குத்தாக விழுந்து, 55இல் தட்டையாகக் கிடந்து, பிள்ளை புரண்டு படுத்ததும் அதே வேகத்தில் பழைய இடத்துக்கே ஏறியிருக்கும். உண்மையான இறக்கம் அப்படி வராது. அது அரை மணி, ஒரு மணி நேரமாகச் சரிந்து வரும். தானாக அவ்வளவு வேகமாக ஏறாது.

ஆனால் கோட்டின் வடிவத்தை மட்டும் பார்த்து "அழுத்தம்தான்" என்று திரும்பிப் படுத்துவிடாதீர்கள். பிள்ளையை மறுபக்கம் திருப்புங்கள், அப்போதே விரலைக் குத்திப் பாருங்கள். விரலில் 110 வந்தால் 15 நிமிடத்தில் சென்சரும் அங்கே வந்து சேரும். அடுத்த சென்சரை, பிள்ளை வழக்கமாகப் படுக்கும் பக்கத்துக்கு எதிர்க் கையில் ஒட்டுங்கள்.

உண்மையான இரவு இறக்கத்துக்கு மலையகத்தில் தனிக் காரணம் ஒன்று உண்டு: ஏற்றம். பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு இரண்டு, மூன்று கிலோமீற்றர் மேட்டில் ஏறும் பிள்ளையின் தசைகள், செலவழித்த சீனியை இரவு முழுவதும் இரத்தத்திலிருந்து இழுத்துச் சேர்க்கும். அதனால் இறக்கம் ஏறும்போது மட்டுமல்ல, 7 முதல் 11 மணி நேரம் கழித்தும் வரும். பாடசாலை விளையாட்டுப் போட்டி நாள், சிவனொளிபாதமலை ஏறிய நாள் ஆகியவற்றின் இரவில் 10 மணிக்கும் 2 மணிக்கும் கட்டாயம் பாருங்கள். அந்த இரவில் இன்சுலினைக் குறைப்பதா, படுக்கும் முன் கூடுதலாகச் சாப்பிடுவதா என்பதை மலை ஏறும் முன்பே கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விரலில் ஒரு எண், சென்சரில் வேறு எண்

எவ்வளவு வித்தியாசம் என்று முதலில் கணக்குப் பாருங்கள். 100க்குக் கீழே 20 வரை வேறுபட்டாலும், 100க்கு மேல் நூற்றுக்கு 20 வரை வேறுபட்டாலும் சென்சரைக் குறை சொல்ல முடியாது. விரலில் 200, சென்சரில் 170 என்றால் இரண்டும் ஒரே செய்திதான். விரலில் 200, சென்சரில் 120 என்றால் தேட வேண்டும்.

முதலில் விரலைச் சந்தேகியுங்கள். வாழைப்பழம் உரித்த கை, மாம்பழம் சாப்பிட்ட கை, சீனி டப்பாவைத் தொட்ட கை ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் துளி இனிப்பே மீட்டரில் 100, 150ஐக் கூட்டிக் காட்டும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய விரலில் பாருங்கள். ஈரம் இருந்தால் இரத்தம் கரைந்து எண் குறையும். அடுத்து ஸ்ட்ரிப் டப்பா. மாதக்கணக்கில் மூடுபனியும் மழையும் உள்ள ஊரில், மூடி சரியாக அடைக்காத டப்பாவில் உள்ள ஸ்ட்ரிப்கள் ஈரம் இழுத்துக் கெட்டுப்போகும். ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு மூடியை அழுத்துங்கள், அடுப்பங்கரையில் வைக்காதீர்கள்.

பிறகு நேரம். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில், ஓடி விளையாடி முடிந்த கையோடு ஒப்பிட்டுப் பயனில்லை. சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, அம்பு கிடையாக நிற்கும்போது ஒப்பிடுங்கள். புதுச் சென்சரின் முதல் 24 மணி நேரம் தடுமாற்றமானது. தோல் அந்தச் சிறு காயத்துக்குப் பழகும்வரை எண்கள் பெரும்பாலும் குறைத்தே காட்டும். அந்த முதல் நாளில் சென்சரைக் கழற்றி எறிவது காசை எறிவது. ஒரு நாள் பொறுத்து, அம்பு கிடையாக இருக்கும் மூன்று தனித்தனி நேரங்களில் ஒப்பிட்டு, மூன்றிலும் ஒரே பக்கமாகப் பெரிய வித்தியாசம் வந்தால் மாற்றுங்கள். பெட்டியையும் சென்சரின் தொடர் இலக்கத்தையும் வீசிவிடாதீர்கள். மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும்போது விற்றவர் முதலில் கேட்பது அதைத்தான்.

மருந்தும் எண்ணைக் கெடுக்கும். நாளுக்கு 500 மி.கி.க்கு மேல் விட்டமின் சி மாத்திரை சாப்பிட்டால் லிப்ரே உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். தடிமன் காலத்தில் மிட்டாய் மாதிரி வாயில் போடும் விட்டமின் சி வில்லைகளைக் கணக்கெடுங்கள். பனடோல் பழைய மெட்ரோனிக் சென்சர்களில் எண்ணைப் பொய்யாக உயர்த்தும். லிப்ரேயில் அந்தத் தொல்லை இல்லை.

விடியற்காலையில் ரீடர் "குளிர் அதிகம்" என்கிறது

லிப்ரே வேலை செய்யும் வெப்பநிலை 10 முதல் 45 பாகை வரை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் 10க்குக் கீழே போவது சாதாரணம். சில நாள் புல்லில் உறைபனியே படியும். உடம்போடு இருக்கும் சென்சர் போர்வைக்குள் சூடாகவே இருக்கும். குளிரில் விறைப்பது ஜன்னலோரம் கிடந்த ரீடரும் விரல்குத்தும் மீட்டரும்தான். இரவில் அவற்றை ஒரு துணியில் சுற்றித் தலையணைக்குப் பக்கத்தில் வையுங்கள். அடுப்பின் மேலோ, வெந்நீர்ப் போத்தலோடோ வைத்துச் சூடாக்காதீர்கள். உடம்புச் சூட்டில் பத்து நிமிடம் போதும்.

குளிரில் பிள்ளையின் விரல் நுனியில் இரத்தமும் வராது. பிதுக்கிப் பிதுக்கி எடுக்க வேண்டாம். இளஞ்சூட்டு நீரில் கையைக் கழுவித் துடைத்து, கையைத் தொங்கவிட்டு அரை நிமிடம் உதறிவிட்டு, விரலின் ஓரத்தில் குத்துங்கள். ஊசி போட்டவுடன் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பதும் வேண்டாம். சூடு இன்சுலினை வேகமாக உறிஞ்ச வைத்து, எதிர்பாராத நேரத்தில் சீனி இறங்கும்.

உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நுவரெலியா 1868 மீற்றர். லிப்ரே 2 சென்சர் சுமார் 3000 மீற்றர் வரை வேலை செய்யும்.

வரைகோட்டில் இடைவெளி விழுகிறது

ஸ்கேன் செய்து பார்க்கும் லிப்ரே தன்னுள் வைத்திருப்பது கடைசி 8 மணி நேரத்தை மட்டும். அதற்கு முன் உள்ளது அழிந்துவிடும். பிள்ளை இரவு 9 மணிக்கு ஸ்கேன் செய்துவிட்டுக் காலை 6 மணிக்கு அடுத்ததைச் செய்தால், 9 முதல் 10 வரை கோடு இருக்காது. படுக்கும் நேரத்தில், 10 மணிக்கு, அம்மாவோ அப்பாவோ ஒருமுறை ஸ்கேன் செய்தால் தீர்ந்தது. தூங்கும் பிள்ளையை எழுப்ப வேண்டாம். போர்வைக்கு மேலாகவே 4 சென்ரிமீற்றருக்குள் கொண்டுபோனால் எடுக்கும்.

பாடசாலை 7.30இலிருந்து 1.30 வரை என்பதால் நேரே வீடு வரும் பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை. 6 மணிக்கு வீட்டை விட்டு, டியூஷனும் முடித்து 5 மணிக்குத் திரும்பும் ஓ.எல். பிள்ளைக்குத்தான் மூன்று மணி நேரம் காணாமல் போகிறது. இடைவேளையில் ஒரு ஸ்கேன் அவசியம். பாடசாலைக்குப் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் ரீடரை வைத்துக்கொள்வது நல்லது. அது மருத்துவக் கருவி என்று கிளினிக் வைத்தியரிடம் கடிதம் வாங்கி அதிபரிடமும் வகுப்பாசிரியரிடமும் கொடுங்கள்.

அலாரம் அடிக்கவே இல்லை

முதல் தலைமுறை லிப்ரேயில் அலாரமே கிடையாது. ஸ்கேன் செய்யும்போது மட்டும்தான் எண் தெரியும். பெட்டியில் "2" அல்லது "3" என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இரவு எழுந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

லிப்ரே 2 என்றால் புளூடூத் தூரம் சுமார் 6 மீற்றர், அதுவும் தடையில்லாமல். இடையில் கல்சுவர் வந்தாலோ, பிள்ளை சென்சர் உள்ள கையை உடம்புக்குக் கீழே வைத்துப் படுத்தாலோ தொடர்பு அறுந்துபோகும். போனை பிள்ளையின் பக்கத்திலேயே வையுங்கள்.

போனில் நான்கு இடம் பாருங்கள். புளூடூத் அணைந்திருக்கிறதா? செயலிக்கு அறிவிப்பு அனுமதி இருக்கிறதா? "தொந்தரவு செய்யாதே" நிலையை மீறி ஒலிக்க அனுமதித்திருக்கிறதா? பேட்டரிச் சேமிப்பு செயலியைப் பின்னணியில் நிறுத்துகிறதா? மலிவான ஆண்ட்ரொய்ட் போன்களில் கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் குற்றவாளி. பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்கு "கட்டுப்பாடு இல்லை" என்று வையுங்கள்.

பிள்ளையின் போன் அடிக்கிறது, கொழுந்து மலையில் நிற்கும் அம்மாவின் போனுக்கு வரவில்லை என்றால் அது சென்சர் கோளாறு அல்ல. சென்சரிலிருந்து பிள்ளையின் போனுக்குப் போக இணையம் வேண்டாம். அங்கிருந்து அம்மாவுக்குப் போக இரண்டு பக்கமும் டேட்டா வேண்டும். பள்ளத்தாக்கில் உள்ள டிவிஷன்களில் கோபுரச் சிக்னல் அறுந்து அறுந்துதான் வரும். தூரத்து அலாரத்தை நம்பி வீட்டில் பெரியவர் இல்லாமல் சிறு பிள்ளையை விட்டுப் போகாதீர்கள்.

சென்சர் கழன்று விழுகிறது

பாதிக் காரணம் தேங்காய் எண்ணெய். எண்ணெய் தடவிய கையில் எந்தப் பசையும் நிற்காது. ஒட்டும் நாளில் கைக்கு எண்ணெயும் கிறீமும் வேண்டாம். சாதாரண சவர்க்காரத்தால் கழுவி, அல்ககோல் துண்டால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, பிறகு ஒட்டுங்கள். விளிம்பைச் சுற்றி விரலால் அரை நிமிடம் அழுத்துங்கள். 14 நாள் முடிந்து கழற்றும்போது அதே தேங்காய் எண்ணெயை விளிம்பில் விட்டால் வலிக்காமல் வரும்.

மீதிப் பாதி, ஸ்வெட்டர். இறுக்கமான கைவைத்த ஸ்வெட்டரைத் தலைவழியாக இழுக்கும்போது சென்சரும் கூட வரும். முன்னால் பொத்தான் உள்ளது நல்லது. இல்லாவிட்டால் சென்சர் இல்லாத கையை முதலில் எடுத்து, மற்றக் கையை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டு கழற்றப் பழக்குங்கள். புத்தகப் பையின் வாரும் கையின் வெளிப்புறத்தில் உரசும்; சென்சரை மேற்கையின் பின்புறத்தில், சதைப்பிடிப்பான இடத்தில் ஒட்டுங்கள். மேலே பிளாஸ்டர் ஒட்டினால் லிப்ரேயின் நடுவில் உள்ள சிறு துளையை மூடாதீர்கள். இழை வெளியே வந்துவிட்டால் மறுபடி குத்தி அமுக்கக் கூடாது. அந்தச் சென்சர் முடிந்தது.

ஒட்டிய இடத்தில் அரிப்பும் சிவப்பும் வந்தால் அடுத்ததை மற்றக் கையில் ஒட்டுங்கள். கொப்புளம், நீர்வடிதல், சீழ் என்றால் கழற்றிவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். மஞ்சள் பூசி அதன்மேல் புதிது ஒட்ட வேண்டாம்.

புதுச் சென்சர் தொடங்க மறுக்கிறது

போனில் என்.எஃப்.சி. வசதி (பக்கத்தில் கொண்டுபோய் ஸ்கேன் செய்ய வேண்டியது) இருக்கிறதா என்று சென்சர் வாங்கும் முன்பே பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்தது லிப்ரே ப்ரோ என்றால் அது வைத்தியரின் ரீடரில் மட்டுமே வாசிக்கும். வீட்டில் எண் காட்டாது. சென்சர் வாங்கிய நாடும் செயலி பதிவான நாடும் வேறென்றால் "பொருந்தாத சென்சர்" என்று மறுக்கலாம். இரண்டு பெட்டிகளை ஒன்றாகத் திறந்திருந்தால் மூடியிலும் ஒட்டும் கருவியிலும் உள்ள குறியீடு ஒன்றுதானா என்று பாருங்கள். மாறினால் எண்கள் தவறாக வரும். லிப்ரே தொடங்க 60 நிமிடம், டெக்ஸ்கொம் ஜி6 என்ற வேறு வகைச் சென்சர் என்றால் 2 மணி நேரம் ஆகும். படுக்கும் நேரத்தில் மாற்றாதீர்கள்.

எந்நேரமும் 250க்கு மேல்

விரலிலும் அப்படித்தான் என்றால் சென்சர் உண்மை பேசுகிறது. தேட வேண்டியது இன்சுலினில். ஃபிரிட்ஜின் மேல்தட்டில் உறைந்த குப்பி மறுபடி உருகினாலும் பயனில்லை. 30/70 கலவை இன்சுலினை உள்ளங்கைகளுக்கு இடையில் 20 தடவை உருட்டாமல் எடுத்தால் ஒரு நாள் ஒரு பலம், மறுநாள் வேறு பலம். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்த சதையில் போட்ட மருந்து சரியாக ஏறாது. தொடையையும் வயிற்றையும் விரலால் தடவிக் கட்டி தேடுங்கள். வயதுக்கு வரும் காலத்தில் இன்சுலின் தேவை கூடும். அதற்காகப் பிள்ளை திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறது என்று ஏசாதீர்கள். எண் பெரிதாக இருக்கிறதே என்று மணிக்கொரு ஊசி போடுவதும் கூடாது. முதல் ஊசி வேலை முடிக்கும் முன் அடுத்தது ஏறினால் இரவில் இரண்டும் சேர்ந்து இறக்கும்.

250க்கு மேல் நின்று வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு வந்தால் கீற்றோன் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு எரிந்து இரத்தத்தில் சேரும் அமிலம்) பாருங்கள். இரத்தக் கீற்றோன் (இது மில்லிமோல் கணக்கு) 1.5க்கு மேல் என்றால் தாமதிக்காமல் வைத்தியசாலையோடு பேசுங்கள்; 3க்கு மேல் அவசரம். பார்க்க வசதி இல்லையென்றால் பார்க்காமலே கிளம்புங்கள். டிக்கோயா, நுவரெலியா, பதுளை எதுவாயினும் அருகில் உள்ள வைத்தியசாலைக்கு முதலில். பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கு அங்கிருந்து அனுப்புவார்கள்.

மாதம் ஒரு சென்சருக்கும் வழியில்லை

அப்படியென்றால் கிளினிக் தேதிக்கு முந்திய இரண்டு வாரத்துக்கு ஒட்டுங்கள். ஒரு கொப்பியில் நான்கு நிரல்: ஊசி போட்ட நேரமும் அலகும், சாப்பிட்டது எத்தனை ரொட்டி அல்லது எத்தனை கரண்டி சோறு, மலை ஏறியது அல்லது விளையாடியது, காய்ச்சல் அல்லது வேறு மருந்து. கிளினிக்கில் முதலில் கேட்பது 70க்கும் 180க்கும் இடையில் எவ்வளவு நேரம் என்பதை. நூற்றுக்கு 70க்கு மேல் வந்தால் நல்லது, 70க்குக் கீழே கழிந்த நேரம் நூற்றுக்கு 4க்குள் இருக்க வேண்டும். கொப்பி பக்கத்தில் இருந்தால், முற்பகல் 11 மணி இறக்கம் காலை 6 மணி ஊசியால் வந்ததா, இடைவேளைச் சாப்பாடு தவறியதால் வந்ததா என்பதை வைத்தியர் அங்கேயே கண்டுபிடித்து அளவை மாற்றித் தருவார்.